இருபது மணி நேரக் குழந்தை

பணி ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. இந்த நான்கு வருடத்தில் என் கைப்பேசிக்கு வருவதெல்லாம் சர்ச் குழுவில் யாராவது அனுப்பும் ரோஜாப்பூப் படமும் காலை வணக்கமும்தான். ஆகவே போன மாதம் ஷாலினி அழைத்தபோது, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஷாலினி எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவள். நான் முப்பது வருடம் உட்கார்ந்திருந்த ஸ்கேன் அறையில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"ரீத்தாக்கா, சாப்டீங்களா?"

"சாப்பாடு கெடக்கட்டும். யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒன்னுமில்லக்கா! புதுசா ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்திருக்கு. அம்மா வயித்துல இருக்கறப்பவே சில புள்ளைங்களுக்கு கிட்னி வீங்கியிருக்குல்ல, அதுல யாருக்குப் பின்னால கிட்னி கெட்டுப்போகும்னு அதுவே கணிச்சு சொல்லிருது. பழைய கேஸெல்லாம் போட்டு டெஸ்ட் பண்றோம். பாதிக்கு மேல உங்க கையெழுத்துதான்."

"சரியாச் சொல்லுதா?"

"மோசமில்லலா. ஒரே ஒரு கேஸ்லதான் தலைகீழா சொல்லுது. பொம்பளப் புள்ள. பயமில்லைன்னு காட்டுது. ஆனா அந்தப் புள்ளைக்கு ஒரு கிட்னியையே எடுத்திருக்காங்க. நீங்க பாத்த ஸ்கேன்தான்கா. ஃபார்ம்ல ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு."

எந்தக் கட்டம் என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது கட்டடத்தின் தவறு அல்ல, ரீத்தாமேரியின் தவறு.

நான் எப்படி அந்த அறைக்கு வந்தேன் என்பது பெரிய கதையில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா பால் மரம் வெட்டினார். தமிழ்ப்பள்ளி, பிறகு டவுன் பள்ளிக்கூடம், பிறகு கோலாலம்பூரில் எக்ஸ்ரே படிப்பு. எக்ஸ்ரே பிரிவில் சில வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். ஸ்கேன் மெஷின் வந்ததும், உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று கேள்விப்பட்டு, நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்கிற உறவுக்காரர்கள் எல்லாம் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார்கள். குனோங் ராபாட்டில், மலைக்குக் கீழே, ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறேன்.

ஸ்கேன் அறை இருட்டு அறை. திரை தெரிய வேண்டும் என்பதற்காக விளக்கை அணைத்துவிடுவோம். வருகிறவர்கள் திரையைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நான் முகத்தை இரும்பாக வைத்துக்கொள்வேன். வெளியே போனதும் அவர்களுக்கு டாக்டர் பெயர் நினைவிருக்கும், நர்ஸ் பெயர் நினைவிருக்கும். ஸ்கேன் எடுத்தவள் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேனே.

எங்கள் வேலையில் சிரமமான பகுதி இந்தச் சிறுநீரக வீக்கம்தான். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்துக்கு நடுவில் ஒரு சின்னப் பை இருக்கும். சிறுநீர் அங்கே சேர்ந்து, குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இறங்குகிற வழியில் எங்கேயாவது இறுக்கம் இருந்தால் பை உப்பிவிடும். அதன் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்போம். நிறையக் குழந்தைகளுக்கு அது தானாக வடிந்துவிடும். ஒன்றும் செய்யவே வேண்டாம். ஒரு சில குழந்தைகளுக்கு மட்டும் அந்த நீர் உள்ளேயே அழுத்தி, சுற்றியிருக்கும் சதையை மெல்ல மெல்லத் தின்றுவிடும். குழந்தை சிரிக்கும், பால் குடிக்கும், எடை போடும். வெளியே ஒன்றும் தெரியாது. எது வடிகிற வீக்கம், எது தின்கிற வீக்கம் என்று முன்கூட்டியே சொல்வதுதான் கேள்வி. எல்லாரையும் பயமுறுத்தவும் கூடாது, ஒருவரையும் விட்டுவிடவும் கூடாது.

அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் சியூ. குழந்தைகள் சிறுநீரக மருத்துவர். ஈப்போக்காரச் சீனப் பெண்மணி, என்னைவிட எட்டு வயது மூத்தவர். மலாயில்தான் பேசிக்கொள்வோம். தமிழில் அவருக்கு இரண்டே வார்த்தை தெரியும். "பால் குடிச்சா?" வருகிற ஒவ்வொரு தாயிடமும் அதைக் கேட்பார். தமிழச்சி, மலாய்க்காரி, சீனத்தி என்று பார்க்க மாட்டார், எல்லாரிடமும் அதே "பால் குடிச்சா?"தான். சிரிப்பாக இருக்கும். ஆனால் அது விளையாட்டுக் கேள்வி இல்லை. பால் குடிக்காத குழந்தைக்குச் சிறுநீர் ஊறாது. சிறுநீர் ஊறாவிட்டால் பை சுருங்கி, வீக்கம் இல்லாத மாதிரித் தெரியும்.

அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தியிருந்தால் தேவலை. என் பின்னால் வந்து சத்தமில்லாமல் நிற்பார். அறுவைசிகிச்சைப் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, திரையில் எண் வருகிற மூலையில் ஒட்டிவிடுவார். "இப்போது அள." அளப்பேன். எண் எனக்குத் தெரியாது. "கருவியை எடுத்துவிட்டு மறுபடி அள." மூன்று தடவை. பிறகு பிளாஸ்டரை உரித்து மூன்று எண்ணையும் பார்ப்பார். முதல் எண்ணைப் பார்த்துவிட்டால் அடுத்த தடவை கை தானாக அதே இடத்துக்குப் போகும், அது அளப்பது இல்லை, ஒப்புக்கொள்வது என்பார். மூன்று எண்ணும் ஒத்து வராத நாளில், ஒன்றும் பேசாமல் பிளாஸ்டரை மறுபடி ஒட்டுவார். பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது தடவை அளந்த நாட்கள் உண்டு. மனசுக்குள் திட்டவும் திட்டியிருக்கிறேன்.

ஜெல் பாட்டிலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜில்லென்று பட்டால் குழந்தை அலறி, சிறுநீர் போய்விடும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது ஒரு அளவு, போன பிறகு ஒரு அளவு. குப்புறப் போட்டு ஒரு அளவு. ஆண் குழந்தைகள் நேராக என் கண்ணாடியிலேயே அடித்திருக்கிறார்கள். "ஆசீர்வாதம்க்கா" என்று தாய்மார்கள் சிரிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட அவர் பிடிவாதமாக இருந்தது ஒன்றில்தான். பிறந்த முதல் இரண்டு நாள் குழந்தையை அளக்கவே கூடாது. அந்த இரண்டு நாளும் தாய்ப்பால் சரியாக ஊறியிருக்காது, குழந்தையின் உடம்பில் நீர் குறைவு. பெரிய வீக்கம்கூடச் சின்னதாகத் தெரிந்து ஏமாற்றும். ஏழாம் நாள் வரச் சொல், அதற்கு முன் தொடாதே என்பார். இதற்காகவே ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார். எல்லா ஸ்கேன் தாளிலும் அந்த முத்திரை விழும். அதில் ஒரே ஒரு கட்டம்: 'குழந்தையின் வயது, மணிக்கணக்கில்.' நாள்கணக்கில் எழுதினால் ஆளுக்கொரு விதமாக எண்ணுவார்கள் என்று மணிக்கணக்கு.

சில வருடத்தில் எனக்குக் கை நன்றாகப் படிந்துவிட்டது. ஒருமுறை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குச் சாதாரண ஸ்கேன். இரண்டு சிறுநீரகமும் லேசாக வீங்கியிருந்தன. அளவைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் குழந்தையின் சிறுநீர்ப்பையின் சுவர் தடித்து, அடியில் சாவித் துவாரம் மாதிரி ஒரு வடிவம். பையனுக்குச் சிறுநீர் வெளியே போகிற வழியிலேயே அடைப்பு. மற்றவர்கள் தவறவிட்டிருப்பார்கள். நான் விடவில்லை. பிறந்த மூன்றாம் நாளே அடைப்பை எடுத்தார்கள். டாக்டர் சியூ என் தோளில் கை வைத்து, "உன் கண் என் கண்ணைவிட நல்ல கண்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. சுவரிடமா சொல்வது? மனசுக்குள்ளேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். எனக்குத் திமிர் ஏறியது அதற்குப் பிறகுதான்.

வசந்தி வந்தது அதற்கு மறுவருடம்.

அவளும் சுங்கை சிப்புட். என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு அவர்கள் குடும்பம் டவுன் பக்கம் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டது. புருஷன் குமார் லோரி ஓட்டுகிறவர். முதல் பிரசவம். எட்டாம் மாதத்தில் நான்தான் பார்த்தேன். குழந்தையின் இடது சிறுநீரகத்தில் பதினேழு மில்லிமீட்டர். அது பெரிய அளவு. டாக்டர் சியூ, பிறந்த ஏழாம் நாள் கட்டாயம் வர வேண்டும் என்று வசந்தியிடம் நேரில் சொல்லி அனுப்பினார்.

குழந்தை பிறந்த மறுநாள் காலை, வார்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வசந்தி மெல்ல நடந்து என் அறைக்கு வந்தாள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது.

"அக்கா, இப்பவே பாத்துருங்கக்கா. மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"ஏழாம் நாள்தான் பாக்கணும். டாக்டர் சொல்லலியா?"

"ஏழாம் நாளு எப்படிக்கா வர்றது? முப்பது கும்புடற வரைக்கும் எங்க மாமியா வாசல்படி தாண்ட விடமாட்டாங்க. அவங்ககிட்ட நான் இன்னும் சொல்லவே இல்ல, புள்ளைக்கு இப்படி இருக்குன்னு. வயித்துல இருக்கறப்பவே கொறைன்னா என்னைத்தான் பேசுவாங்க. சூசாக்கா, ரொம்பக் கஷ்டம். தயவுசெஞ்சு பாத்துருங்க."

எனக்கு அந்த வீடு புரிந்தது. என் அம்மாவும் எங்களைப் பெற்று முப்பது நாள் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தவள்தான். முப்பதாம் நாள் வீடு கழுவி, தலைக்கு ஊற்றி, சாமி கும்பிட்டால்தான் தீட்டு கழியும். நாங்கள் கிறிஸ்தவ வேதத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டிலும் அந்த முப்பது இருந்தது. இந்தப் பெண்ணை ஏழாம் நாள் வரச் சொன்னால் வரமாட்டாள், அல்லது வந்து வீட்டில் சண்டையாகும். பார்க்காமலே விடுவதைவிட இன்றே பார்த்துவிடுவது நல்லதுதானே என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். டாக்டர் சியூ அன்று கோலாலம்பூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். என் கண்தான் நல்ல கண் ஆயிற்றே.

குழந்தைக்கு வயது இருபது மணி நேரம். அளந்தேன். எட்டு மில்லிமீட்டர். மறுபடி அளந்தேன், எட்டு. மூன்றாவது தடவையும் எட்டுதான். பதினேழு எட்டாகியிருக்கிறது. எனக்கே சந்தோஷமாகிவிட்டது.

"நல்லா வடிஞ்சிருச்சு. பயமில்ல. நிம்மதியா வீட்டுக்குப் போ."

"ஏழாம் நாளு வரணுமாக்கா?"

"வேணாம். முப்பது முடியட்டும்."

முப்பது முடிந்ததும் கண்டிப்பாக வா என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தாளில் எட்டு என்று எழுதினேன். முத்திரைக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இருபது என்று எழுதினால் டாக்டர் சியூ பார்ப்பார். ஏழாம் நாள் அவளை வரவழைக்கச் சொல்வார். என்னையும் கேட்பார். காலியாக விட்டேன். எட்டு என்ற எண்ணை மட்டும் பார்த்த இளம் டாக்டர் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

நான்கு மாதத்தில் குழந்தை திரும்பி வந்தது. காய்ச்சல், வாந்தி, வயிற்றின் இடப்பக்கம் கல் மாதிரி. நான்தான் ஸ்கேன் போட்டேன். சிறுநீரகம் இருந்த இடத்தில் ஒரு நீர்ப்பை, அதைச் சுற்றித் தாள் கனத்துக்குச் சதை. நீரும் சீழாகியிருந்தது. குழாய் போட்டு வடித்தார்கள். பிறகு எவ்வளவு வேலை செய்கிறது என்று சோதித்தார்கள். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கடைசியில் அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அந்த வாரம் டாக்டர் சியூ பழைய தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். பிறந்த தேதியையும் ஸ்கேன் தேதியையும் பென்சிலால் வட்டம் போட்டு, என் முன்னால் வைத்தார்.

"எத்தனை மணி நேரம்?"

"இருபது, டாக்டர்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஏழாம் நாள் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று நான்தான் கேட்டேன். "தெரியாது. காப்பாற்றியிருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம். அந்தத் தாய்க்கு நடந்தது தெரிய வேண்டும். நான் சொல்லப் போவதில்லை. நீ போய்ச் சொல்" என்றார்.

போனேன். நான் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வார்டு வாசல் வரை போனேன். கட்டிலைச் சுற்றிக் குடும்பமே நின்றிருந்தது. வசந்தியின் மாமியார் பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டரு ஏழாம் நாளு வரச் சொன்னாங்களாம்ல! ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா? புள்ள உசுருன்னா நான் வேணாம்பேனா? தீட்டா பெருசு? எல்லாத்தையும் மறைக்கிறவ நீ!"

"அத்த, ஸ்கேன் அக்கா அன்னிக்கே பாத்துட்டாங்க. வர வேணாம்னாங்க. சத்தியமாத்த."

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். "அந்தா, அவங்கதான். கேளுங்க."

மாமியார் என் பக்கம் திரும்பினார். குமாரும் திரும்பினார். "ஏம்மா, நீங்களா வர வேணாம்னு சொன்னீங்க?"

நான் சொன்னது இதுதான். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். "எல்லாருக்கும் ஏழாம் நாள் கட்டாயம் வரணும்னுதான் சொல்வோம்மா."

பொய் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வோம். வசந்தி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

சாயங்காலம் டாக்டர் சியூ கேட்டார். "சொன்னாயா?"

"சொல்லிவிட்டேன், டாக்டர்."

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. என்னை நம்பினார். சில வருடத்தில் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாட்டுக்குப் போனார். அங்கேயே இறந்தும் போனார். அவரிடமும் இனி உண்மையைச் சொல்ல வழியில்லை.

குழந்தைக்கு தர்ஷினி என்று பெயர் வைத்திருந்தார்கள். மிச்சமிருக்கும் ஒரு சிறுநீரகத்தைப் பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை வருவாள். வேறு யார் பார்க்கவும் நான் விடவில்லை. வேறு குழந்தைகளுக்குப் பத்து நிமிடம் என்றால் அவளுக்கு அரை மணி. வசந்தி முதலில் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு போகப் போகப் பேச ஆரம்பித்தாள். ஒருநாள் அவளாகவே சொன்னாள். "அன்னிக்கு ஒடம்பெல்லாம் வலி, தூக்கம் வேற இல்ல. நீங்க வர வேணாம்னு சொன்னதா நானே மனசுல கட்டிக்கிட்டேன் போலக்கா. மன்னிச்சுக்குங்க. உங்களப் போயி மாட்டிவிட்டேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சரி விடு என்று சொன்னேன்! மன்னித்துவிட்டேனாம்.

தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டின் முறுக்கு கொண்டுவருவாள். நான் அதை அப்படியே வார்டுக்குக் கொடுத்துவிடுவேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் மன்னிப்புக் கொடுத்தார். அவருக்கென்ன, அவர் சிறுநீரகமா போயிற்று? ஒருவரோடும் நெருங்கிப் பழகாமல் போனேன். நெருங்கினால் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயம். சக வேலைக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டாலும் போக மாட்டேன். ரீத்தாவுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டேன். அப்படித்தான் இந்த வீட்டில் இந்த அமைதி வந்து சேர்ந்தது.

ஷாலினிக்கு நான் மறுநாள்தான் திரும்ப அழைத்தேன்.

"அந்தக் கட்டத்துல இருபதுன்னு போடு."

"இருபது மணி நேரமா? அக்கா, நீங்களா? முதல் ரெண்டு நாளு தொடவே கூடாதுன்னு எங்களப் போட்டு அந்தத் திட்டு திட்டுவீங்களே!"

"நான்தான். போடு."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் மெதுவாக வந்தது. "கட்டம் காலியா இருந்தா ஏழாம் நாளுன்னு அதுவா எடுத்துக்குமாம்க்கா. அதான் தப்பா சொல்லியிருக்கு. இருபதுன்னு போட்டதும் செவப்பாயிருச்சு. இந்த அளவ நம்பாதீங்க, ஒரு வாரத்துல மறுபடி பாருங்கன்னு வருது."

ஒரு மெஷின் ஒரு நொடியில் சொல்லிவிட்டது. என்னிடம் ஒரு எண்ணைக் கேட்டது, கொடுத்ததும் உண்மையைச் சொன்னது. எனக்கு அழுகை வந்தது. ஷாலினி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட் போனேன். வசந்தி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை அரை நாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கக்கா! என்னக்கா, ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? தர்ஷினி டியூஷன் போயிருக்கா. உக்காருங்க, மைலோ கலக்கறேன்."

"ஒன்னும் கலக்காத. உக்காரு, வசந்தி."

சொன்னேன். இருபது மணி நேரத்தைச் சொன்னேன், காலிக் கட்டத்தைச் சொன்னேன், வார்டு வாசலில் நின்று நான் சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். அவள் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப வர வேணாம்னு நீங்க சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான்."

"நான் சரியாத்தான் சொன்னேனா?"

"நீ சரியாத்தான் சொன்ன."

அவள் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த மாமியார் படத்துக்கு முன்னால் நின்றாள். காகித மாலை போட்டிருந்தது.

"இவங்க போயி ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசியா ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப நர்ஸக் கூப்பிட்டுச் சொன்னாங்கக்கா. 'இவ மறைக்கிற பொம்பள, இவகிட்ட என் மருந்தக் குடுக்காதீங்க'ன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். இனி யாருகிட்ட போயிச் சொல்றது?"

அவள் படத்தை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு வாயத் தொறந்து ஒன்னும் கேட்டதில்ல. ஆனா புள்ளைக்குச் சளி புடிச்சாக்கூட லோரிய நிறுத்திட்டு அவரே தூக்கிட்டு கிளினிக் போவாரு. எங்கூட அனுப்பமாட்டாரு. பதினாறு வருஷமா." குரல் உயர்ந்தது. "நீங்க முறுக்கெல்லாம் வாங்கிக்கிட்டீங்களேக்கா!"

"வாங்கிக்கிட்டேன்."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"இல்ல. சொல்ல வந்தேன்."

"அப்படின்னா இருங்க. அஞ்சரைக்கு அவரு வருவாரு. அவருகிட்டயும் நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா இன்னொரு பொய்யும்பாரு."

உள்ளே போய்விட்டாள். இரண்டு மணி நேரம் அந்தக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம், துணி அலசுகிற சத்தம். கார்ச் சாவி கையில்தான் இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று எத்தனை தடவை நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

குமார் வந்தார். "அட, ரீத்தாக்கா! எப்ப வந்தீங்க? வசந்தி, அக்காவுக்குத் தண்ணி குடுத்தியா?" என்று கேட்டுக்கொண்டே பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். நிமிர்ந்தால் என்னால் முடிந்திருக்காது. ஒரு பூட்ஸ் காலிலேயே இருக்க, முழுவதையும் கேட்டார்.

"அப்ப இவ மேல தப்பில்லையா?"

"இல்ல. அவ மொத நாளே புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா. திருப்பி அனுப்பாம தப்பாப் பாத்தது நான். பயமில்ல, வர வேணாம்னு சொன்னதும் நான். கேட்டப்ப வாய மூடிக்கிட்டதும் நான்."

அதற்கப்புறம் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒற்றைப் பூட்ஸோடு சமையலறை வாசலுக்குப் போய் நின்றார்.

"ஏன் வசந்தி, எங்கூட ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்ல நீ?"

"எனக்கே நம்பிக்கை போயிருச்சுங்க" என்று உள்ளேயிருந்து வந்தது பதில். பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவர் உள்ளே போனார். அது எனக்கான இடமில்லை என்று எழுந்து, செருப்பை மாட்டி, கேட்டைத் திறந்தேன்.

"அக்கா."

வசந்தி வாசலுக்கு வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"எங்க போறீங்க? தர்ஷினி ஆறரைக்கு வந்துருவா. அம்மா ஏமாத்துனதாலதான் தனக்கு ஒரு கிட்னின்னு அப்பாயி அவகிட்டயும் சொல்லி வளத்திருக்காங்க. அவகிட்ட யாரு சொல்றது?"

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தேன்.